பதிவைப் படித்தவர் மறுபடி வர என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒன்றரை ஆண்டாக எழுதுகிறீர்கள். 60 பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. நாளொன்றுக்கு 40 பார்வைகளுக்கு மேல் ஏறவில்லை, பின்னூட்டம் அறவே இல்லை. தினமும் எழுத வேண்டுமா, எஸ்இஓ (தேடுபொறியில் மேலே வரச் செய்யும் உத்திகள்) கற்க வேண்டுமா, காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதியவர் எப்படி வந்து சேர்வார் என்பது ஒன்று. வந்தவர் ஏன் திரும்ப வருவதில்லை, ஏன் வாய் திறப்பதில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. பெரும்பாலான பதிவர்கள் முதலாவதற்கே உழைப்பையெல்லாம் கொட்டுகிறார்கள், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல. வாசகர் ஒரு பதிவைத் தேடித்தான் வருகிறார், உங்கள் வலைப்பூவைத் தேடி வருவதில்லை. அந்தப் பதிவிலிருந்து வலைப்பூவுக்குப் பாலம் போடுவது உங்கள் வேலை. நான் கீழே சொல்வதில் பாதி அந்தப் பாலத்தைப் பற்றித்தான்.

முதலில் அந்த 40 என்ற எண்ணைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரின் உள்ளேயே காட்டும் புள்ளிவிவரம் பக்கம் திறக்கப்பட்ட எண்ணிக்கையைச் சொல்கிறது, ஆட்களின் எண்ணிக்கையை அல்ல. ஒரே ஆள் நான்கு பக்கம் பார்த்தால் நான்கு. தானியங்கி நிரல்களின் வருகையும் அதில் கலந்துவிடும். எழுத்துப்பிழை திருத்த நீங்களே பத்து முறை திறந்ததும் சேரும். உங்கள் பார்வைகளைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் வசதி அங்கேயே இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருந்தால் அதில் ‘ஈடுபாடுள்ள அமர்வு’ என்று ஒரு கணக்கு வரும். 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பக்கங்களைப் பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த செயல் ஒன்றைச் செய்தாலோ அப்படிக் கணக்கிடுகிறது. 10 விநாடி என்பது தலைப்பையும் முதல் இரண்டு வரியையும் படிக்கும் நேரம், அவ்வளவுதான். அதனால் அந்த எண் பெரிதாக இருந்தாலும் பதிவு முழுதாகப் படிக்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் மாதக்கணக்கில் எழுதியும் தேடலில் ஒரு பக்கம்கூட வராத வலைப்பூக்களில் காரணம் பல நேரம் ஒரே ஒரு டிக் குறிதான். வேர்ட்பிரஸில் அமைப்புகளில் ‘ரீடிங்’ பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய (தங்கள் பட்டியலில் சேர்க்க) வேண்டாம் என்ற ஒரு பெட்டி இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது டிக் செய்துவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள். பிளாகரில் ‘பிரைவசி’ பகுதியில் தேடுபொறிகளுக்குத் தெரியட்டும் என்ற விசை இயக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தை இணைத்து, சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுத்து, முக்கியமான ஐந்து பதிவுகளின் முகவரியை ஒவ்வொன்றாக மேலே உள்ள பரிசோதனைப் பெட்டியில் இட்டுப் பாருங்கள். பக்கம் கூகுளில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று அதுவே சொல்லும்.

சர்ச் கன்சோல்தான் உங்கள் கையில் உள்ள மிகப் பயனுள்ள கருவி, அதுவும் இலவசம். எஸ்இஓ கற்க வேண்டுமா என்று கேட்டீர்களே, இந்த ஒரு பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் உங்கள் அளவுக்கு அதில் முக்கால்வாசி முடிந்துவிடும். 16 மாதக் கணக்கை அது வைத்திருக்கிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் கடைசி 3 மாதம் என்று வைத்து, க்ளிக், இம்ப்ரெஷன், க்ளிக் விகிதம், சராசரி இடம் ஆகிய நான்கையும் இயக்குங்கள். இம்ப்ரெஷன் என்றால் உங்கள் பக்கம் யாரோ ஒருவரின் தேடல் முடிவில் இடம்பெற்றது, க்ளிக் என்றால் அவர் உள்ளே வந்தார். இப்போது பக்கங்கள் என்ற பட்டியலை இம்ப்ரெஷன் வரிசையில் அடுக்குங்கள். ஒரு பதிவு 2,000 முறை தென்பட்டு 12 பேர்தான் க்ளிக் செய்திருக்கிறார்கள், சராசரி இடம் 9 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.6 சதவீதம். கூகுள் உங்களை முதல் பக்கத்தின் அடிவரை கொண்டுபோய்விட்டது, ஆனால் தேடியவர் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. 8 முதல் 20 வரையான இடங்களில் நிற்கும் இப்படிப்பட்ட பதிவுகள்தான் தங்கச் சுரங்கம். புதிதாகப் பத்துப் பதிவு எழுதுவதைவிட இவற்றில் மூன்றைத் திருத்துவது வேகமாகப் பலன் தரும்.

அந்தப் பதிவைக் க்ளிக் செய்தால், எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு அது காட்டப்பட்டது என்ற பட்டியல் வரும். மிக அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள், அதனால் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தோடு ஒத்துவராது, அது பிழையல்ல. இந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். வாசகரின் வாயிலிருந்து வந்த சொற்கள் அவை. நீங்கள் ‘சலவை இயந்திரம்’ என்று எழுதியிருப்பீர்கள், அவர்கள் ‘வாஷிங் மெஷின்’ என்று தேடியிருப்பார்கள். நீங்கள் ‘வடிகால் பம்ப் பராமரிப்பு’ என்றிருப்பீர்கள், அவர்கள் ‘வாஷிங் மெஷின் தண்ணி வெளிய போகல’ என்று தட்டியிருப்பார்கள். அவர்கள் சொல் பேச்சுவழக்கில் இருக்கிறது என்பதற்காகப் பதிவு முழுவதையும் அப்படி மாற்ற வேண்டியதில்லை. தலைப்பிலும் முதல் பத்தியிலும் அந்தப் பொருள் அவர்களுக்குத் தெரிந்த பெயரில் இருந்தால் போதும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘சலவை இயந்திரம்: சில குறிப்புகள்’ என்ற தலைப்பு எதையும் உறுதி சொல்லவில்லை. யாருக்கு, எந்தச் சிக்கலுக்கு என்று தெரியவில்லை. ‘வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியாமல் நிற்கிறதா? முதலில் பார்க்க வேண்டிய 3 இடங்கள்’ என்றால் தரையில் ஈரத்துணியோடு நிற்பவர் இது தனக்குத்தான் என்று உடனே புரிந்துகொள்வார். சிக்கல் தலைப்பின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது; ஃபோன் திரையில் தலைப்பின் வால் வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. இப்போது முதல் பத்தி. ‘இன்றைய அவசர உலகில் சலவை இயந்திரம் இல்லாத வீடே இல்லை’ என்று தொடங்கும் பதிவை அவர் மூடிவிடுவார். ‘முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். முன்பக்கம் கீழே உள்ள சிறு மூடிக்குப் பின்னால் வடிகட்டி இருக்கிறது. காசு, ஊக்கு, நூல் சிக்கியிருக்கும். அது சுத்தமென்றால் வடிகுழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பம்ப்’ என்று நான்கு வரியில் விடையை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். விடை தெரிந்துவிட்டால் மிச்சத்தைப் படிக்கமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். வடிகட்டியை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு தண்ணீர் கொட்டும், பம்ப் போய்விட்டதென்று எந்தச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வது என்பதற்காக அவர் கீழே வருவார். விடையை ஒளித்துவைத்தால் கோபப்பட்டுத் திரும்பிப் போவார்.

தலைப்பை மாற்றிய பிறகு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் எழுதிய தலைப்பைத்தான் கூகுள் காட்டும் என்ற உறுதி கிடையாது. பக்கத்தில் உள்ள வேறு வரியை எடுத்தும் காட்டும். கீழே வரும் சிறு விளக்கத்தையும் பல நேரம் பதிவின் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் பத்தி அவ்வளவு முக்கியம். மாற்றத்தின் பலன் சில மணி நேரத்தில் தெரியலாம், சில மாதமும் ஆகலாம். சில வாரம் பொறுத்துப் பாருங்கள் என்பதே கூகுளின் அறிவுரை. தினமும் போய்ப் பார்த்துத் தலைப்பை மறுபடி மறுபடி மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒரு பதிவில் ஒரு மாற்றம், தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு 4 வாரம் கைவைக்காமல் இருங்கள். பிறகு முந்தைய 4 வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கென்று ஒரு சின்ன விஷயம், முகவரி பற்றி. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். முகவரியாக நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ‘வாஷிங்’ என்ற ஒரு சொல்லில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 6 குறிகள், ஆக அந்த ஒரு சொல்லே 54 எழுத்தாகிவிடும். மின்னஞ்சலில் ஒட்டினால் முகவரி பாதியில் உடையும், பார்ப்பவருக்கும் ஏதோ மோசடி லிங்க் போலத் தோன்றும். பிளாகரோ தமிழ்த் தலைப்பை முகவரிக்கு எடுக்காமல், எல்லாப் பதிவுக்கும் ஒரே பொதுப் பெயரை வைத்துப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். வெளியிடும் முன்பே மூன்று நான்கு சொல்லில் ரோமன் எழுத்தில் முகவரியை நீங்களே கொடுத்துவிடுங்கள். தேடலில் இடம் உயர இதனால் பெரிய லாபம் இல்லை. பகிர்வதற்கு நல்லது, அவ்வளவே. பழைய பதிவுகளின் முகவரியை இதற்காக மாற்ற வேண்டாம், வெளியே இருக்கும் லிங்க் எல்லாம் அறுந்துபோகும்.

60 பதிவுகளையும் ஒரு தாளில் மூன்றாகப் பிரியுங்கள். இம்ப்ரெஷன் நன்றாக இருப்பவை திருத்த வேண்டியவை. ஒரே விஷயத்தை அரைகுறையாகத் தொடும் இரண்டு மூன்று பதிவுகள் இருக்கும். அவற்றைச் சேர்த்து ஒரே நல்ல பதிவாக்கி, மற்றவற்றின் முகவரியை இதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். 301 திருப்புதல் என்பார்கள். பிளாகரில் அமைப்புகளிலேயே அதற்கு இடம் உண்டு, சொந்த வேர்ட்பிரஸ் என்றால் ஒரு பிளகின் (கூடுதல் செருகுநிரல்) போதும். திருப்பாமல் வெறுமனே அழித்தால் அந்தப் பக்கம் சேர்த்துவைத்த லிங்க்கும் போகும், வந்த வாசகர் வெற்றுப் பக்கத்தில் முட்டிக்கொள்வார். மூன்றாவது வகை, யாரும் தேடாத ஆனால் உங்களுக்குப் பிடித்த பதிவுகள். அவற்றை அப்படியே விடுங்கள். வலைப்பூவுக்கு ஒரு முகம் இருப்பது அவற்றால்தான். தொடர்ந்து வரும் வாசகர் அவற்றுக்காகவும் வருவார். பழைய பதிவில் ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்கும் வேலை வேண்டாம். அதைக் கூகுள் வெளிப்படையாகவே கண்டிக்கிறது, வாசகரும் கண்டுபிடித்துவிடுவார்.

இனி பாலம். வாஷிங் மெஷின் பதிவைப் படித்து முடித்தவர் அடுத்து என்ன நினைப்பார்? வடிகட்டியைச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் என்ன, பம்ப் மாற்ற ஆளைக் கூப்பிட வேண்டுமா நாமே மாற்றலாமா, இது மறுபடி வராமல் இருக்க என்ன செய்வது. இந்த மூன்றுக்கும் உங்களிடம் பதிவு இருந்தால், அந்தக் கேள்வி எழும் அதே பத்தியில், முழு வாக்கியமாக லிங்க் கொடுங்கள். ‘பம்ப்பை நீங்களே சோதிக்க மல்டிமீட்டர் இருந்தால் போதும், அதன் படிகள் இந்தப் பதிவில்’ என்பதுபோல. ‘இங்கே க்ளிக் செய்யவும்’ என்றால் எங்கே போகிறோம் என்று வாசகருக்கும் தெரியாது, தேடுபொறிக்கும் தெரியாது. அடியில் தானாக வரும் ‘தொடர்புடைய பதிவுகள்’ பெட்டியை நம்பியிருக்காதீர்கள். அது குறிச்சொல்லைப் பார்த்து எதையாவது அடுக்கும், வாசகரின் அடுத்த கேள்வி அதற்குத் தெரியாது. பதிவுக்குக் குறைந்தது இரண்டு உள் லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிவு வெளியிடும்போதெல்லாம் பழைய பதிவுகள் இரண்டைத் திறந்து, அங்கிருந்து புதியதற்கு லிங்க் போடுங்கள். இந்தப் பின்பாதியை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதனால் புதிய பதிவு எந்தப் பக்கமும் சுட்டாத தனித் தீவாகக் கிடக்கிறது.

பாலத்தின் அடுத்த கண்ணி மின்னஞ்சல். பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்ட பிறகு, ஆர்எஸ்எஸ் என்ற ஓடை வழியாக வலைப்பூக்களைத் தொடரும் பழக்கம் பெருவாரி வாசகர்களிடம் போய்விட்டது. சமூக ஊடகத்தில் உங்களைப் பின்தொடர்பவருக்கு உங்கள் பதிவைக் காட்டுவதா வேண்டாமா என்பதை அந்தத் தளம் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் பட்டியல் ஒன்றுதான் நீங்கள் எங்கே மாறினாலும் உங்களோடு வரும். பழைய பிளாகர் டெம்ப்ளேட் வைத்திருந்தால் உடனே ஒன்றைச் சோதியுங்கள்: ஃபீட்பர்னர் வழியாகப் புதிய பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பும் சேவையைக் கூகுள் 2021 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அந்தப் பெட்டி இன்னும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், உங்களை விரும்பித் தொடர நினைப்பவர் கொடுக்கும் முகவரி எங்கும் போய்ச் சேராது.

மின்னஞ்சல் முகவரி வாங்கும் சந்தா பெட்டியை ஓரப்பட்டியில் வைக்காதீர்கள். ஃபோனில் ஓரப்பட்டி பக்கத்தின் அடிக்குப் போய்விடும், அங்கே யாரும் இறங்குவதில்லை. பதிவு முடிந்த உடனே, பின்னூட்டத்துக்கு மேலே வையுங்கள். நீளமான பதிவென்றால் நடுவில் இன்னொன்று. பெயர் கேட்க வேண்டாம், மின்னஞ்சல் மட்டும் போதும். ‘எங்கள் செய்திமடலில் இணையுங்கள்’ என்பதற்கு யாரும் அசையமாட்டார்கள். ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு சாதனம், வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய ஒரு பழுது’ என்று எழுதினால் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிகிறது. கணக்கு இதுதான்: அந்த 40 பார்வையையும் 40 பேர் என்றே வைத்துக்கொண்டால் மாதம் 1,200. நூற்றுக்கு ஒருவர் சேர்ந்தால் மாதம் 12, ஆண்டுக்கு 144 பேர். பெட்டியின் இடத்தையும் வாசகத்தையும் மாற்றி அது நூற்றுக்கு மூவரானால் 432. ஒரு புதிய வாசகர்கூட அதிகம் வராமலேயே மூன்று மடங்கு. இந்த விகிதம் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, துறைக்குத் துறை மாறும். ஆனால் பெருக்கல் இப்படித்தான் வேலை செய்யும்.

அனுப்பும்போது சில நுணுக்கங்கள். சந்தாவுக்கு முகவரி கொடுத்தவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் போய், அவர் அதைக் க்ளிக் செய்த பிறகே பட்டியலில் சேரட்டும். தவறான முகவரிகளும் பொய் முகவரிகளும் அங்கேயே வடிந்துவிடும். சொந்த டொமைன் (தளப்பெயர்) இருந்தால், மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் அதில் சேருங்கள். மடல் அனுப்பும் சேவையே படிப்படியாகச் சொல்லித்தரும். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கண்டிப்பாக இருக்கிறது. ஸ்பாம் என்று புகார் செய்வோரின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது அதன் விதி. அதனால் விலகும் லிங்க்கை ஒளித்துவைக்காதீர்கள்; கண்ணில் படவில்லை என்றால் ஸ்பாம் பொத்தானை அழுத்திவிடுவார்கள், அது பட்டியலில் உள்ள மற்றவர்களுக்கும் மடல் போகாமல் கெடுக்கும். மடலின் அளவு 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அடியை வெட்டிவிடும், பெரும்பாலும் விலகும் லிங்க்கும் அதோடு மறைந்துபோகும். எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, பயனர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, அதனால் திறந்ததாகவே பதிவாகிறது. யார் க்ளிக் செய்தார்கள், யார் பதில் எழுதினார்கள் என்பதைப் பாருங்கள்.

பின்னூட்டம் வராதது பற்றி உங்கள் கேள்வியில் தெரியும் மனவருத்தம் புரிகிறது. முதலில் ஒரு ஆறுதல், அது உண்மையும்கூட. இணையத்தில் எந்தக் கூட்டத்திலும் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் படிக்க மட்டுமே செய்வார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பேசுவார்கள், 1 சதவீதம் பேர்தான் தொடர்ந்து பங்கெடுப்பார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். அதைத் துல்லியமான சட்டமாக எடுக்க வேண்டியதில்லை. வலைப்பூக்களில் இது இன்னும் ஒருபக்கச் சாய்வாக இருக்கும் என்றே அவர் சொன்னார். நாளுக்கு 40 பார்வையில் மௌனம் என்பது இயல்பு. உங்கள் எழுத்தின் மீதான தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் தடைகளை அகற்றலாம். உங்கள் பக்கத்தை, உள்நுழையாத ஒரு ஃபோனில் திறந்து நீங்களே ஒரு பின்னூட்டம் போட்டுப் பாருங்கள். எத்தனை தட்டல் தேவைப்படுகிறது, எங்கே கடவுச்சொல் கேட்கிறது, போட்ட பிறகு என்ன ஆயிற்று என்று ஏதாவது சொல்கிறதா? பிளாகரில் கூகுள் கணக்கு உள்ளவர்கள் மட்டும் என்று வைத்திருந்தால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் என்று திறந்துவிட்டு, வெளியிடும் முன் நீங்கள் பார்க்கும்படி வையுங்கள். வேர்ட்பிரஸில் ஒருமுறை ஒப்புதல் பெற்றவரின் அடுத்த பின்னூட்டம் தானாக வெளியாகும்படி அமைக்கலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட லிங்க் இருந்தால் நிறுத்திவைக்கும் ஏற்பாடு அதில் முன்பே இருக்கிறது. ஸ்பாம் குப்பை கிடக்கும் இடத்தில் நல்ல வாசகர் வாய் திறக்கமாட்டார், எனவே வடிகட்டலில் தயவு காட்ட வேண்டாம்.

‘உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். எல்லாப் பதிவின் அடியிலும் இருப்பதால் கண் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். ‘உங்கள் மெஷினில் வடிகட்டி முன்பக்கமா, டிரம்முக்குள்ளா?’ என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும், அந்தப் பதில் அடுத்து வருபவருக்கும் பயன்படும். வருகிற முதல் பத்துப் பின்னூட்டங்களுக்கு ஒரு நாளுக்குள் பதில் எழுதுங்கள், ‘நன்றி’ என்று மட்டும் எழுதாமல் எதிர்க்கேள்வியோடு. ஒருவர் நீங்கள் விட்டதைச் சுட்டிக்காட்டினால் பதிவைத் திருத்தி, இன்னார் பின்னூட்டத்தில் சொன்னது என்று உள்ளேயே குறிப்பிடுங்கள். தன் பெயர் பதிவுக்குள் வந்ததைப் பார்த்தவர் போகமாட்டார். இவ்வளவுக்குப் பிறகும் பலர் பொதுவெளியில் எழுதாமல் மடலுக்குப் பதிலாகத் தனியே எழுதுவார்கள். அதுவும் ஈடுபாடுதான், எண்ணிக்கையில் தெரியாவிட்டாலும் அடுத்த பதிவுக்கான விஷயம் அங்கிருந்துதான் கிடைக்கும்.

சமூக ஊடகம் பற்றிச் சுருக்கமாக. லிங்க்கை எறிந்துவிட்டு வருவது பலன் தராது. பழுதுபார்ப்பு பற்றிப் பேசும் குழுக்களில் யாராவது கேள்வி கேட்டால், விடையை அங்கேயே முழுதாக எழுதுங்கள். படங்கள் தேவைப்பட்டால் மட்டும் பதிவின் லிங்க்கைச் சேருங்கள். லிங்க் பகிரும்போது முன்தோற்றப் படம் வருகிறதா என்று பாருங்கள். 1200க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படம் வைத்தால் பெரும்பாலான தளங்களில் வெட்டுப்படாமல் வரும். எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள், லிங்க் உள்ள பதிவைத் தளங்கள் எவ்வளவு அமுக்குகின்றன என்பதெல்லாம் உறுதியாகச் சொல்லப்படும் ஊகங்கள். தளங்கள் அடிக்கடி மாற்றுகின்றன, வெளியே இருப்பவர்கள் துல்லியமாக அளக்க முடியாது. அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். காசுக்கு லிங்க் விற்பவர்கள், பின்தொடர்பவர்களை விற்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். தேடல் இடத்துக்காக லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு நேர் விரோதம்.

வேகம், ஃபோன் தோற்றம் இரண்டும் முக்கியம்தான், ஆனால் உங்களுக்கு இது ஒரு நாள் வேலை. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்து துள்ளக்கூடாது. கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் இதுவே. மெதுவான வலைப்பூக்களில் பெரும்பாலும் குற்றவாளி கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 4 எம்பி படங்கள். அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பல படங்கள் 150 கேபிக்குள் அடங்கும். அகலம் உயரம் இரண்டையும் பக்கத்தில் குறிப்பிட்டால் துள்ளல் நிற்கும். தேவையில்லாத பெட்டிகளையும் எண்ணும் கருவிகளையும் எடுத்துவிடுங்கள்.

தினமும் எழுத வேண்டுமா? வேண்டாம். இவ்வளவு எழுதினால்தான், இத்தனை சொல் இருந்தால்தான் என்று எந்த அளவும் இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. மாதம் இரண்டு நல்ல பதிவு, மாதம் இரண்டு பழைய பதிவுத் திருத்தம் என்பது வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவருக்குத் தாங்கக்கூடிய அளவு என்பது என் கணிப்பு. வேண்டியது ஒழுங்கு. மடலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று சொன்னால் அப்படியே வர வேண்டும். விளம்பரத்தைப் பொறுத்தவரை, இப்போதைக்குக் காசைச் செலவிடாதீர்கள். சந்தா விகிதம் நூற்றுக்கு மூன்றைத் தொட்ட ஒரு பதிவு கிடைத்த பிறகு, அந்தப் பதிவுக்கு மட்டும் சிறு தொகையில் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு முன் விளம்பரம் கொடுத்தால், வந்தவர் வந்த வழியே போவதற்குக் கட்டணம் கட்டுவதாகத்தான் முடியும்.

எனக்கு உண்மையில் கவலை தரும் ஒரே விஷயம், தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடையைச் சொல்லிவிடுவது. கூகுள் அதை 2024 மே மாதம் அமெரிக்காவில் பரவலாகத் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் கொண்டுசென்றது. ஒரு வரியில் விடை முடியும் கேள்விகளுக்கு வாசகர் உள்ளே வர வேண்டிய தேவை குறைகிறது, இதில் எனக்கு ஐயமில்லை. எந்தத் துறையில் எவ்வளவு குறையும், அது நிலைக்குமா என்பதில் இன்னும் தெளிவு இல்லை. உறுதியாகச் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன். உங்கள் துறைக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. வடிகட்டியைக் கழற்றும்போது எடுத்த படம், சிக்கியிருந்த பொருள், பம்ப்பில் மல்டிமீட்டர் காட்டிய ஓம் அளவு, மூடியைத் தவறாகத் திருகினால் எங்கே கசியும் என்பது, இவையெல்லாம் கையால் செய்தவரிடம் மட்டுமே இருக்கும். பதிவுக்கு இப்படிக் குறைந்தது இரண்டு இருக்கட்டும். அவற்றைப் பார்க்க வாசகர் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் வலைப்பூவை நான் பார்க்காமல் பதில் எழுதுகிறேன், அதனால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று விரல்வைத்துக் காட்ட முடியவில்லை. சர்ச் கன்சோலில் கடைசி 3 மாதத்தில் அதிக இம்ப்ரெஷன் பெற்ற ஐந்து பதிவுகளின் தலைப்பு, இம்ப்ரெஷன், க்ளிக், சராசரி இடம் நான்கையும் இங்கே எழுதுங்கள். கூடவே சந்தா பெட்டி இப்போது எங்கே இருக்கிறது, மாதம் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது, அதன் தலைப்பையும் முதல் பத்தியையும் எப்படி மாற்றுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.